தாய்மாமன் மடி

நாய்க்கு ஷூ மாட்டியிருக்கிறீர்களா? நான் வெள்ளிதோறும் மாட்டினேன். நம் ஊரில் நாய் தானாக மலையேறும், தானாக இறங்கும். துபாயில் நான் ஹவுஸ் டிரைவராக இருந்த வீட்டு இங்கிலாந்துக்கார மேடத்துக்கோ, வெயில் ஏறுவதற்குள் தன் நாய் பென்னை மலைக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். நான் வாரைப் பிடித்தால்தான் பென் நடக்கும். அந்தப் பெருமைதான் எனக்கு வினையாகிப் போனது.

அந்த மாசியில், சிவகங்கைப் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். எனக்காக ஒருமுறை தள்ளியும் போட்டார்கள். மேடத்திடம் மடியைத் தட்டிக் காட்டி, "சிஸ்டர் பேபி, மை லேப், மஸ்ட்" என்று லீவு கேட்டேன். "ஓ, ஸ்வீட்! கிஃப்ட் அனுப்பிவிடு. வெயில் காலம் வந்ததும் ஊருக்குப் போ. இப்போது பென்னை யார் பார்ப்பது?" என்றார். ஊருக்குப் போன, என்னோடு தங்கியிருந்த ரூம்காரரிடம் கம்மலைக் கொடுத்தனுப்பினேன். கம்மலை அனுப்பலாம், மடியை எந்தப் பெட்டியில் கட்டி அனுப்புவது? கடைசியில் தங்கைதான் வழி சொன்னாள்: "சித்தப்பா மகன் மடியில உன் வேட்டிய விரிச்சு உக்கார வைக்கிறோம். நீ போன்ல பேசுண்ணே. உன் குரலு பிள்ளை காதுல விழுந்தாப் போதும்."

காதுகுத்து நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மேடம் விடவில்லை, ராஸ் அல் கைமா மலைக்குப் போனோம். போன் சிக்னல் உச்சியில்தான் கிடைக்கும். முந்தின மாத மழையில் கல்லிடுக்கெல்லாம் புல்லும் ஊதாப் பூவுமாக இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. மேடம் நின்று நின்று படம் பிடித்தார். இந்நேரம் மொட்டை போட்டிருப்பார்கள், சந்தனம் தடவியிருப்பார்கள் என்று மனசு அடித்துக்கொள்ள, பென்னை இழுத்துக்கொண்டு ஏறினேன். உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அதன் ஒரு ஷூ கழன்று பள்ளத்தில் விழுந்தது. அரிவாள் மாதிரி கற்கள். பாதம் கிழிந்துவிட்டது. "மை பேபி!" என்று மேடம் அலறினார். "மேடம், டூ மினிட், டாப், போன்" என்று கெஞ்சினேன். போன் பண்ணி உதவிக்கு ஆள் கூப்பிடப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "வேண்டாம், தூக்கு, கீழே போவோம்" என்றார். தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஆட்டுக்கடா கனம். "இன்னைக்குன்னு பாத்து என் உசுர வாங்குறியேடா பாவி" என்று வழியெல்லாம் திட்டினேன். பென் என் காதை நக்கியது.

கீழே மேடம் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் முதன்முறையாகப் பின்சீட்டில், பென்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி வழியில் சிக்னல் வந்து போன் அடித்தது.

"எம்புட்டு நேரம் அடிக்கிறதுண்ணே? நல்ல நேரம் போகுதுன்னு பெரியவுக சத்தம் போட்டாக. குத்தியாச்சு. கோவிச்சுக்காத."

"பிள்ளை அழுதானா?"

"இன்னும் அழுகுறான். கேக்குதா?"

கேட்டது. பென் என் மடியில் முகத்தைப் புதைத்துப் படுத்திருந்தது. மேடம் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "அழாதே, பென்னுக்கு ஒன்றும் ஆகாது" என்றார். தலையாட்டினேன்.