எச்சரிக்கை அடுத்த பக்கத்தில்

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில், பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் ஆபீசில் இருந்தேன். கூலிக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதற்குப் புரோகிராம் எழுதியவர் பெங்களூர்க்காரர். கூடவே இங்கிலீஷில் செங்கல் கனத்துக்கு ஒரு கையேடும் எழுதிக் கொடுத்தார். படித்தால் ஒன்றும் விளங்காது, அவரைத்தான் கூப்பிட வேண்டும். வருவார், திட்டுவார், சீசன் என்றால் ஒரு பெட்டி மாம்பழத்தோடு பஸ் ஏறுவார்.

ஒரு சனிக்கிழமை, கையேட்டில் சொன்னபடியே புது வாரத்தைத் தொடங்கும் பட்டனைத் தட்டினேன். பிறகு பக்கத்தைத் திருப்பினேன். 'இதைச் செய்யும் முன் பழைய வாரத்தை ஃபிளாப்பியில் நகல் எடுக்கவும்' என்று அடுத்த பக்கத்துத் தலையில் இருந்தது. அதற்குள் அந்த வாரத்து வருகைக் கணக்கு மொத்தமும் அழிந்து போயிருந்தது. வெளியே பழம் தோல் சீவும் பெண்கள் கூலிக்குக் காத்திருந்தார்கள். "எங்க வூட்டுல அடுப்பெரிய வேணாங்களா?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள்.

திங்கட்கிழமை வந்த பெங்களூர்க்காரர், முதலாளியிடம், "புக்கைக்கூட ஒழுங்கா படிக்கத் தெரியாத பொண்ணைக் கொண்டாந்து உட்கார வச்சா இப்படித்தான் சார்," என்றார். நான் கணக்கில் பி.எஸ்சி. முதலாளி யோசிக்கக்கூட இல்லை. லாரிகளுக்குச் சீட்டு எழுத என்னை வாசல் கேட்டுக்கு அனுப்பிவிட்டு, என் நாற்காலியில் காசாளரை உட்கார வைத்தார். இருடா பெங்களூர்க்காரா, உன்னை இங்கே யாருமே தேடாதபடி செய்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

காசாளரோ ஒரு பட்டனைத் தட்டுமுன் பத்துத் தடவை யோசிப்பார். "தொட்டா போயிருமோன்னு பயமா இருக்குதுங்கம்மா," என்று கேட்டுக்கு வந்து புலம்பினார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவரோடு உட்கார்ந்து, கையேட்டைத் தமிழில் திரும்ப எழுதினேன். ஒரு வரிக்கு ஒரு வேலை. முதலில் செய்ய வேண்டியது முதலில். அவரைப் படித்துச் செய்யச் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறக்காமல் பின்னால் நிற்பேன். எந்த வரியில் தயங்குகிறாரோ அதை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவேன். "தகவலைச் சேமின்னா என்னாங்க?" என்றார். அதை எடுத்துவிட்டு எந்தப் பட்டன் என்று மட்டும் எழுதினேன். ஒரு சொல் குழம்பினாலும் அந்த ஆள் உள்ளே நுழைந்துவிடுவான் என்ற வெறி எனக்கு. கடைசியில் எல்லாம் ஒரே தாளுக்குள் அடங்கியது. அதைச் சுவரில் ஒட்டினோம்.

சீசன் சூடு பிடித்ததும் பெங்களூர்க்காரர் முறுக்கிக்கொண்டார். கார் அனுப்பினால்தான் வருவேன் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டும் வராமலே இருந்தார். காசாளர் தாளைப் பார்த்துப் பார்த்து மத்தியானத்துக்குள் கூலிக் கணக்கை முடித்துவிட்டார். எப்படி என்று முதலாளி கேட்க, அவர் கேட்டைக் கை காட்டியிருக்கிறார். "திங்கக்கெழமலருந்து உள்ள வந்துருங்க," என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பெங்களூர்க்காரர் கூப்பிடாமலே வந்தார். என் நாற்காலியில் என்னைப் பார்த்தார். யாரும் காபி சொல்லவில்லை. சுவரருகே போய்த் தாளை மேலிருந்து கீழே படித்தார். "யாரு எழுதுனது?"

"புக்கு படிக்கத் தெரியாத பொண்ணுதாங்க," என்றேன்.

அவர் கண் தாளின் கடைசி வரியில் நின்றிருந்தது. வேலைக்குத் தேவையில்லாத வரி அந்தத் தாளில் அது ஒன்றுதான். அவருக்காகவே எழுதியிருந்தேன்: 'இதற்கு மேல் பெங்களூருக்குப் போன் போட வேண்டாம்.'

அன்று அவர் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.