ஒரு மில்லிமீட்டர் பாதை

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு ஆனி மாதம். இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் ஊர். பக்கவாதத்தில் விழுந்த கணவரை நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் காரில் கூட்டிவந்தேன். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே பாதைதான். அதை ஒட்டி என் கொழுந்தனின், அதாவது கணவரின் தம்பியின், தென்னந்தோப்பு. எப்போதும் வாசல் வரை வரும் கார் அன்றைக்கு ரோட்டிலேயே நின்றுவிட்டது. நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொழுந்தன் தோப்பைச் சுற்றி மதில் கட்டியிருந்தார். பாதையில் பாதி மதிலுக்குள் போய்விட்டது!

பக்கத்து வீட்டுக்காரர்கள் கணவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப்போனார்கள். பேச்சு வராத மனுஷன், மதிலைப் பார்த்து அழுதார்.

கொழுந்தனிடம் போய்க் கேட்டேன். துபாயில் இருந்து வந்தவர் அல்லவா, எதற்கும் பேப்பர் வைத்திருப்பார். சர்வே படத்தின் ஜெராக்ஸை நீட்டினார்.

"மைனி, நான் ஒண்ணும் தோணுனபடி கெட்டல. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர்னு இதுலயே போட்டிருக்குல்லா? பாத ஒரு மில்லிமீட்டர். அப்போ ஒரு மீட்டர்தான?"

சமூக அறிவியல் டீச்சரான எனக்குப் பார்த்ததுமே உறைத்தது. பெரிய தாளில் இருந்த படத்தை ஜெராக்ஸ் கடையில் பாதியாகச் சுருக்கியிருக்கிறார்கள். படம் சுருங்கிவிட்டது, ஓரத்தில் அச்சடித்த அளவு மட்டும் பழையபடியே நின்றது. டேப்பை எடுத்துவந்து ரோட்டோரத்திலிருந்து, படத்திலும் குறித்திருந்த எங்கள் வீட்டுக் கிணறு வரை அவரையே பிடிக்கச் சொன்னேன். நாற்பது மீட்டர். படத்தில் இரண்டே சென்டிமீட்டர். ஆக, ஒரு சென்டிமீட்டருக்கு இருபது மீட்டர். பாதை இரண்டு மீட்டர்.

"தம்பி, ஒங்க கணக்குப்படி ஒங்க தோப்பும்லா பாதியாச் சுருங்கணும்? அங்க மட்டும் ஏன் இந்தப் பேப்பரப் பாக்கல?"

"மத்த மூணு பக்கமும் பழைய எல்லக் கல்லு கெடக்கு மைனி. பாதப் பக்கந்தான் கல்லு இல்ல." டேப்பைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். "ஒங்க கணக்கு சரிதான். ஆனா மதில் எழும்பியாச்சே. இனி இடிச்சா ஊரு சிரிக்காதா?"

ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். அவர்களும் அளந்து பார்த்து என் கணக்குதான் சரி என்றார்கள். "ஒரு மீட்டர்தான டீச்சர், கூடப்பொறந்தவங்களுக்குள்ள விட்டுக் குடுங்க" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன். கணவர் அசைகிற ஒரு கையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் ரோடு வரை நாற்காலிதான். அதைத் தூக்க முதல் ஆளாக ஓடி வருவது யார் தெரியுமா? கொழுந்தன்தான்! "பைய, பைய... அண்ணனுக்கு வலிக்கும்லா" என்று மற்றவர்களை அதட்டுவார். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்று பார்க்கிறவர்கள் என்னிடமே சொல்கிறார்கள். தெரியாமல் செய்ததை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். தெரிந்த பிறகும் மதிலை நிற்கவிட்டு, அதன் ஓரமாகவே அண்ணனைச் சுமந்து போவதைப் பாசம் என்று அவர் நம்புகிறாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.