நாலாவது பலகை

ஆளிவிதை எண்ணெயும் கறுப்பு மையும் கலந்த அந்த மணம், மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்தின் மாடிப்படிகளில் இறங்கி, எங்கள் குழம்பு வாசத்தையும் மிஞ்சி நிற்கும். அம்மா அதை "மண்ணெண்ணெய் நாத்தம்" என்பார். மேல்மாடியில் இருந்த வேரா அன்ரி ரஷ்யாக்காரர். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்தவர். டோர்வல் விமான நிலையத்தில் அம்மாவோடு துப்புரவு வேலை செய்தார். வேலையில்லாத நாட்களில் சமையலறை மேசையில் மரப்பலகையைச் செதுக்கி, மை உருட்டி, தாளை விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தன் கிராமத்தை அச்செடுப்பார். கோடையில் புல் வெட்டும் பெண்கள், இலையுதிர் காலத்துச் சேற்றில் உருளைக்கிழங்கு கிண்டும் குடும்பம், பனியில் உறைந்த கிணறு என மூன்று பருவங்கள் முடிந்திருந்தன. நாலாவது, பனி உருகி ஆறு தெருவுக்குள் புகுந்திருக்கும் வசந்தம்; ஒரு வீட்டு வாசலில் படகு. அந்தப் படகில் என்னையும் செதுக்குவதாகச் சொல்லியிருந்தார்.

இரண்டாயிரத்து ஆறில், எனக்குப் பத்து வயதான குளிர்காலத்தில், அவருக்குக் குடிவரவு அலுவலகத்திலிருந்து பிரெஞ்சில் கடிதம் வந்தது. அவருக்கும் அம்மாவுக்கும் அரைகுறைப் பிரெஞ்சுதான் தெரியும். கடிதங்களை வாசிப்பது பள்ளிக்கூடம் போகும் நான்தான். "வடிவா வாசிச்சுச் சொல்லு, பிள்ளை," என்றார் அம்மா. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, மேன்முறையீட்டுக்குப் பதினைந்து நாள் என்று இருந்தது. எனக்கு நன்றாகவே விளங்கியது. வேரா அன்ரி உளியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுவாரோ என்று பயம்; படகில் ஏறும் ஆசை அதைவிடப் பெரிது. இன்னும் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தமிழிலும் அவருக்கு எளிய பிரெஞ்சிலும் சொன்னேன்.

மாதம் ஒன்று கழித்து, வெளியேற வேண்டிய திகதியோடு அடுத்த கடிதம் வந்தது. இம்முறை அவர் இரண்டு கடிதங்களையும் ரஷ்ய மொழி தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் தனியாகக் கொண்டுபோனார். திரும்பி வந்து, நிராகரித்த கடிதம் தபாலில் பிந்தி வந்ததால் மேன்முறையீட்டு நாள் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய இயலாது என்று அம்மாவிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவேயில்லை.

போவதற்கு முதல் நாள் மூன்று படங்களையும் அம்மாவிடம் கொடுத்தார். நாலாவது பலகையை அவர் குப்பைத் தொட்டிக்குள் வைப்பதை யன்னலால் பார்த்தேன். இறங்கிப்போய் எடுக்கத் துணிவில்லை.

அந்தக் கட்டிடத்தில் இப்போது எங்களுக்குத் தெரிந்தவர்கள் எவரும் இல்லை. வேரா அன்ரியிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் என் தம்பியோடு இருக்கும் அம்மா, படங்களைத் துடைக்கும்போதெல்லாம் சொல்வார்: "அவங்கள் கடிதத்தை நேரத்துக்கு அனுப்பியிருந்தா அந்த மனிசி இங்கை இருந்திருக்கும்."

"ஓம், அம்மா," என்கிறேன்.