கரி பிடிக்காத கண்ணாடி

ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் வீடு வாங்கிய பிறகு வந்த முதல் கோடையில் என் கணவர் ஒரு ஸ்மோக்கர் வாங்கினார். என் தோள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலுமாரி. அடியில் மரத்துண்டுகள் புகையும். மேலே தட்டுகளில் இறைச்சி மணிக்கணக்காக அந்தப் புகையில் வேகும். கதவு முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்காகவே அதை வாங்கினார். உள்ளே இறைச்சி நிறம் மாறுவதைத் தானும் பார்க்கலாம், நாலு பேருக்குக் காட்டவும் செய்யலாம்.

காட்டினார். சனிக்கிழமைகளில் பக்கத்து நகரங்களான மிசிசாகாவிலிருந்தும் விட்பியிலிருந்தும் நண்பர்கள் குடும்பத்தோடு வருவார்கள். ஆண்கள் பின்வளவில் ஸ்மோக்கரைச் சுற்றி நிற்பார்கள். நான் உள்ளே சோறும் சம்பலும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்துக்கொண்டிருப்பேன். வருகிறவர்கள் அவருடைய இறைச்சியைப் பற்றித்தான் பேசுவார்கள். அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நல்ல இறைச்சிதான்.

எனக்குப் பட்டது ஞாயிறு காலைதான். முதல்நாள் கண்ணாடியாக இருந்தது அடுத்த நாள் காலை மண்ணிறமாக இருக்கும், ஓரங்களில் தார் போலக் கறுத்து. கொழுப்பும் புகையும் சேர்ந்து இறுகிய பிசின் அது. தொட்டால் விரலில் ஒட்டும், சோப்புப் போட்டாலும் போகாது. அவர் மதியம்வரை தூங்குவார். அடுத்த சனிக்கு ஆட்கள் வரும்போது ஸ்மோக்கர் அந்தக் கோலத்தில் நிற்கக்கூடாதே என்று நான் ஒருமுறை துடைத்தேன். ஒருமுறை துடைத்ததோடு அது என் வேலையாகிவிட்டது.

அந்த வேலையை நானே தட்டுத்தடுமாறித்தான் பழகினேன். சுடுதண்ணீரில் நனைத்த துணியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து ஊறவிட வேண்டும். பிறகு அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தகட்டால் மெல்லச் சுரண்ட வேண்டும். கம்பிப் பஞ்சால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். மிச்சக் கறைக்கு ஸ்மோக்கரின் அடியில் கிடக்கும் சாம்பலையே ஈரக் கடதாசியில் தொட்டுத் தேய்த்தால் போகும். கையுறை போட்டாலும் அந்த மணம் தலைமயிரில் ஏறிவிடும். ஒரு திங்கட்கிழமை நான் வேலை செய்யும் பல் வைத்தியசாலையில், பக்கத்து மேசைப் பெண் மெதுவாகக் குனிந்து, சிகரெட்டை விட உதவி தேவையா என்று கேட்டாள். நான் பிறந்ததிலிருந்து சிகரெட்டைத் தொட்டவள் அல்ல.

அதையும் சிரித்து விட்டுவிட்டேன். ஆனால் இரண்டாவது கோடையில், ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்ததை விட முடியவில்லை.

இறைச்சிக்குத் தட்டு எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். விட்பி நண்பர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இது எப்பிடி இவ்வளவு கிளியரா இருக்குது? என்ர சகலன்ர ஸ்மோக்கர் ஒரே கரி."

என் கணவர் நான் நிற்பதைப் பார்த்தபடியே சொன்னார்: "அது விறகிலதான் இருக்கு. நல்லாக் காஞ்ச ஆப்பிள் மரம் போடவேணும். சூட்டைச் சரியா வைச்சா கண்ணாடியில கறையே பிடிக்காது."

பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. அவர் அதை நம்பினார். இரண்டு கோடைகளாக அந்தக் கண்ணாடி தானாகவே சுத்தமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். என் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அடுத்த நாள் காலை கண்ணாடியைத் தொடவில்லை.

அதற்கடுத்த ஞாயிறும் தொடவில்லை. கறையின் மேல் கறை ஏறியது. செப்டெம்பர் வந்தபோது உள்ளே வேகுவது கோழியா ஆடா என்று தெரியாது. ஒரு சனிக்கிழமை இறைச்சியைப் பார்க்க அவர் அடிக்கடி கதவைத் திறந்தார், சூடு இறங்கியது, விருந்தாளிகள் பசியோடு காத்திருந்தார்கள். அன்றைக்கு எல்லோரும் என் கத்தரிக்காய்க் கறியோடு சோறு சாப்பிட்டார்கள்.

மறுநாள் அவர் விறகுப் பையைக் காரில் ஏற்றினார்.

"எங்க போறியள்?"

"கடைக்கு. ஈர விறகைக் கட்டி வித்திருக்கிறான். கண்ணாடியைப் பாத்தனீரே? திருப்பிக் குடுத்திட்டு வாறன்."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு காரடிக்குப் போனேன். அந்தக் கடைக்காரப் பெடியன் என்ன பாவம் செய்தான்.

"விறகில ஒரு பிழையும் இல்லை," என்றேன். "ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் அதைச் சுரண்டித் துடைச்சனான். இப்ப விட்டிட்டன். அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார், காருக்குள் கிடந்த பையைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தேன்.

"நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

"எதைச் சொல்லுறது? ஞாயிற்றுக்கிழமை என்ர கையில வாற மணத்தை நீங்கள் ஒருநாளும் மணக்கேல்லையோ? யன்னலுக்கு அங்கால நான் குந்திக்கொண்டிருக்கிறதை நீங்கள் பாக்கேல்லையோ?"

"நீர் ஏதோ பூக்கண்டுக்குத் தண்ணி விடுறீர் எண்டு நினைச்சன்."

எங்கள் பின்வளவில் அப்போது ஒரு பூக்கன்றுகூட இல்லை. அதைச் சொன்னேன். அவர் விறகுப் பையை இறக்கிக் கராஜில் வைத்தார்.

அன்று பின்னேரம் அவரே துடைத்தார். எப்படி என்று கேட்டார், சொன்னேன், கூட நிற்கவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. மூலைகளில் கரி அப்படியே இருந்தது, கம்பிப் பஞ்சு போட்ட கீறலும் ஒன்று விழுந்திருந்தது. உள்ளே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "இவ்வளவு கஷ்டமெண்டு எனக்குத் தெரியாது," என்றார். அதில் பொய் இல்லை. அன்றிலிருந்து அது அவருடைய வேலை. இன்றுவரை அவர்தான் செய்கிறார், அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் என் கோபம் தீரவில்லை. போன கோடையில் அதே விட்பி நண்பர் மனைவியோடு வந்திருந்தார். என் கணவர் சுடுதண்ணீர்த் துணி, அப்பச்சோடா, சாம்பல் என்று முழுச் செய்முறையையும் விளக்கினார், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல. அந்த மனைவி குசினிக்குள் வந்து என் தோளைத் தொட்டார்.

"அக்கா, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள். உங்கட அவர் எல்லாத்தையும் தானே துப்பரவாக்கிறார். எங்கட ஆள் ஒரு கோப்பை கழுவாது."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடியை இரண்டு கோடை நான் துடைத்தேன். அதற்காக ஒருவரும் என் கணவரின் தோளைத் தொட்டு, நீங்கள் கொடுத்து வைத்தவர் என்று சொல்லவில்லை.

"முதல்ல உங்கட ஆளை இஞ்ச கூப்பிடுங்கோ," என்றேன். "இந்த வெங்காயத்தை அவர் வெட்டட்டும்."

அந்த மனைவி சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் போய்க் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனிதர் வந்தார், வெட்டினார். பெரிய பெரிய துண்டாகத்தான் வெட்டினார். அப்படியே கறியில் போட்டேன்.