கோழி ஷெட்டில் ஓடிய என் ரெக்கார்டுகள்

1. கமிட்டிக்காரர் வந்துபோன அன்று

இந்த வருஷம் கோயில் தேர் நோம்பிக்கு வேட்டு உங்கள் பண்ணை வேலி ஓரமாகத்தான் போடுவோம் என்று கோயில் கமிட்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுச்சத்திரம் பக்கம் ஒரு லேயர் பண்ணையில், அதாவது முட்டைக் கோழிப் பண்ணையில், அப்போது நான் சூப்பர்வைசர். கோழியெல்லாம் பீக்கில் இருந்தது. முட்டை உச்சத்துக்கு ஏறும் நேரத்தை நாங்கள் பீக் என்போம். அந்தச் சமயத்தில் ஒரு தடவை மிரண்டால் போதும், கூண்டுக்குள் அடித்துக்கொண்டு ஓடில்லாத தோல் முட்டை போடும். ஒரு தடவை முட்டை இறங்கிவிட்டால் அந்த பேட்ச் கோழி பழைய உச்சத்தைத் திரும்பத் தொடாது.

பண்ணை ஓனர் பாப்பாத்தி அக்கா. புருஷன் போன பிறகு தனியாளாக நின்று பண்ணையை நடத்தியவர்.

"ஏனுங்க சூப்பர்வைசரே, இந்த பேட்ச் உழுந்துச்சுன்னா நான் ஷெட்டப் பூட்டிப்போட்டுப் போக வேண்டியதுதான். என்ன பண்றதா உத்தேசம்?"

"இப்பப் புடிச்சே கோழியச் சத்தத்துக்குப் பழக்கிரலாங்கக்கா. எங்கிட்ட ரெக்கார்டு இருக்குதுங்க."

"உங்க ரெக்கார்டா?" அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, போடுங்க. முட்டை எறங்குச்சுன்னா ரெக்கார்டையுந் தூக்கிக்கிட்டு நீங்களும் ஊட்டுக்குப் போயிருங்க."

சொன்னால் செய்கிறவர் அக்கா.

2. என் ரெக்கார்டுகள்

ஷெட்டில் ரேடியோ ஓடவிடுவது பல பண்ணைகளில் உள்ள பழக்கம்தான். எப்போதும் ஏதாவது சத்தம் இருந்தால், திடீரென்று வாளி விழுந்தாலும் கோழி பதறாது. நான் ரெக்கார்டு என்று சொன்னதற்கு வேறு காரணமும் இருந்தது. நான் சேர்த்துவைத்த பாட்டைக் கேட்க ஆள் கிடையாது.

என் கூட்டாளிகள் பலர் நாமக்கல் லாரி டிரைவர்கள். கல்கத்தா, கௌஹாத்தி, பம்பாய் என்று லோடு இறக்கிவிட்டு வரும்போது பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் எல்.பி. ரெக்கார்டு ஒன்றிரண்டை எனக்காக எடுத்து வருவார்கள். என்ன பாஷை என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஷெனாய், ராஜஸ்தான் பெண்கள் கும்பலாகப் பாடும் கல்யாணப் பாட்டு, எந்த நாட்டுக்காரனோ வாசித்த கிடார், பேண்டு வாத்தியம், நம்மூர்த் தவில் எல்லாம் ஒரே பீரோவில் இருந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரவைத்து ஒன்றைப் போடுவேன். போட்ட கையோடு அவர் மூஞ்சியைப் பார்ப்பேன். "இருங்க, இப்ப வரும் பாருங்க, இந்த எடந்தான்" என்று பாட்டு நடுவில் நானே பேசிக் கெடுப்பேன். வந்தவருக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டாதது அப்போதுதான் ஞாபகம் வரும்.

எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினேன். ஷெட்டுக்கு ஷெட் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். காலைத் தீவனத்துக்கு ஷெனாய். வெயில் ஏற ஏறக் கிடார், கல்யாணப் பாட்டு. மத்தியானம் பேண்டு, தவில். நாளுக்கு நாள் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். பேண்டுக்கு முதலில் கழுத்தை நீட்டிப் பார்த்த கோழிகள் பிறகு தீவனத்தை விட்டுத் தலை தூக்கவில்லை.

முட்டை பொறுக்கும் மாராயிக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னுங்ணா இது, எழவு ஊட்டுல ஊதறாப்பல?"

"கோழியே சும்மா கேக்குது. உனக்கென்ன?"

"அதுக கூண்டுல கெடக்குதுங்ணா. எங்க போகும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒவ்வொரு பாட்டு மாறும்போதும் அவள் பக்கம் ஒரு பார்வை போகாமல் இருக்காது.

3. தேர் நகர்ந்தபோது

நோம்பி அன்று காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தவிலை முழு வால்யூமில் வைத்துவிட்டு ஷெட்டுக்கும் வேலிக்கும் நடந்துகொண்டிருந்தேன். முதல் வேட்டு வெடித்தது. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. கோழிகள் தலை தூக்கின, திரும்பவும் தீவனத்தைக் கொத்தின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது பாட்டு நின்றது.

எங்கள் பக்கம் தேர் நகரும்போது கரண்ட் கம்பியில் தட்டாமலிருக்க ஈ.பி.காரர் லைனை ஆஃப் செய்வார். வருஷா வருஷம் நடப்பதுதான். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு இது மட்டும் தோன்றவேயில்லை. ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் தீவன மில்லுக்கு மட்டும்தான். ஷெட்டுக்கு லைன் இழுக்கவில்லை.

இத்தனை நாள் சத்தத்திலேயே கிடந்த கோழிகளுக்கு அந்த அமைதிதான் புதுசு. வரிசை வரிசையாகக் கழுத்து நீண்டது. மிரளுவதற்கு முன் கோழி தொண்டைக்குள் இழுக்கும் ஒரு சத்தம் உண்டு. அது ஷெட்டின் ஒரு கோடியில் கிளம்பியது. இந்த நேரத்தில் அடுத்த வேட்டு விழுந்தால் எல்லாம் போச்சு.

நான் வாயைத் திறந்து பாடினேன்.

அதுவரை குளிக்கும்போதுகூடப் பாடியவன் இல்லை. முதலில் வந்தது பேண்டு. பப்பரப் பப்பரவென்று வாயாலேயே ஊதினேன். பிறகு அந்த ராஜஸ்தான் பெண்கள் பாட்டு. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் ஒன்றுவிடாமல் வந்தது. எதிர் வரிசையில் மாராயி தீவன வாளியைக் கவிழ்த்து அதே தாளத்தில் தட்ட ஆரம்பித்தாள். அடுத்த வேட்டு வெடித்தது. கூண்டுகள் ஒரு தடவை கிடுகிடுத்தன. நான் நிறுத்தவில்லை. ஷெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தொண்டை கிழியப் பாடினேன். கழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கின.

கோயிலிலிருந்து ஓடிவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "பாடு சாமி, நிறுத்தாத" என்றார்.

முட்டை இறங்கவில்லை. இப்போது சூப்பர்வைசர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நோம்பி என்றால் வேட்டு எந்நேரம் என்று கேட்காதீர்கள், லைன் எந்நேரம் ஆஃப் என்று கேளுங்கள். ஷெட்டுக்கு ஜெனரேட்டர் லைனை முன்கூட்டியே இழுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அன்று கரண்ட் வந்ததும் பென் டிரைவ் முதலிலிருந்து, ஷெனாயில் தானாக ஓட ஆரம்பித்தது. மாராயி வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏனுங்ணா, அத நிறுத்துங்க. நீங்க பாடுனீங்களே, அந்தப் பாட்டு ரெக்கார்டுல இருக்குதுங்களா? அதப் போடுங்க, கேப்போம்."

தானாக வாய்விட்டு என்னிடம் பாட்டுக் கேட்ட முதல் ஆள் மாராயிதான். அதுவரை ரெக்கார்டை எல்லோரிடமும் நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதில் எனக்கு என்ன பிடித்தது என்று யாருக்கும் தெரியவே இல்லை. நானே பாடியபோதுதான் அது அவளுக்குத் தெரிந்தது. இப்போது ரிட்டயராகி வீட்டில் இருக்கிறேன். யாராவது வந்தால் முதலில் நானே பாடிக் காட்டுகிறேன். பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மீதிப் பேர் சிரித்துவிட்டு, "எங்க, அந்த ரெக்கார்டப் போடுங்க" என்கிறார்கள்.