குறை சொன்னவருக்கே பொறுப்பு

எங்கள் குடியிருப்பில் குறை சொல்ல ஆளே கிடையாது. சொர்க்கம் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மாடிப்படி விளக்கு எரியாது. பொது அறைக் கதவு சாத்தாது. வாசலில் உடைந்து கிடக்கும் சாக்கடை மூடி, போகிறவர் வருகிறவர் கால்களை ஒவ்வொன்றாக ருசி பார்க்கும். ஆனாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இந்த மகத்தான ஒழுக்கத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் டீச்சர் போய்ச் சேர்ந்தார்.

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தே தலை நரைத்தவர் அவர். வகுப்பில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. "மிஸ், போர்டு அழுக்கா இருக்கு" என்று எவன் எழுந்து சொல்கிறானோ அவன்தான் துடைக்க வேண்டும். "மிஸ், ஜன்னல் ஆடுது" என்றவளுக்கு வருஷம் முழுக்க ஜன்னல் இலாகா. கொஞ்ச நாளில் வகுப்பு கப்சிப்.

ஓய்வு பெற்றபின் எங்கள் சங்கக் கூட்டத்துக்கு முதல்முறை வந்தார். ஆளுக்கொரு குறையைச் சொல்லி நாங்கள் சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தோம். டீச்சர் கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டினார்.

"இனிமே யாரு குறை சொல்றாங்களோ, அவங்கதான் அதைச் சரி பண்ணணும். சம்மதமா?"

சம்மதம் என்றோம். அதன்பிறகு எங்கள் கூட்டங்கள் டீ ஆறுவதற்குள் முடிந்தன.

கணக்கு டீச்சர் கணக்கில் சேர்க்காத ஒன்று இருந்தது. எங்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும். அவரால் முடியாது. "தண்ணி இப்படி வீணாப் போகுதே!" என்றார்; மோட்டார் அறைச் சாவி கைக்கு வந்தது. "பிள்ளைங்க படிக்க ஒரு இடம் வேண்டாமா?" என்றார், பொது அறைச் சாவியும், சாயங்கால டியூஷனும் சேர்ந்து வந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்! சாவிக்கொத்தை இடுப்பில் செருகினால் நடையே ஒரு பக்கம் சாயும் அளவுக்குப் பொறுப்புகள் பெருத்தன. நாங்களும் நன்றி கெட்டவர்கள் அல்ல. ஒவ்வொரு பொறுப்புக்கும் தவறாமல் கை தட்டினோம்.

கடலோர ஊரில் தனியாக இருந்த தங்கை அடிக்கடி போன் செய்வாள். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். அதனால் எங்களுக்கும் தகவல் குறைவில்லை.

"அக்கா, உன் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. கட்டிலை ஜன்னலோரமா போட்டிருக்கேன், படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கலாம். எப்ப வர்றே?"

"வர்றேன்டி. இந்தச் சாவியை யாருகிட்டயாவது கொடுத்துட்டு வந்துடறேன்."

"தூக்கிப் போட்டுட்டு வாயேன்!"

"அப்புறம் மோட்டாரை யாருடி போடுவா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி உலகத்துல தண்ணியே இல்ல பாரு."

ஒருமுறை டீச்சர் துணிந்துவிட்டார். பெட்டி கட்டி, பஸ் டிக்கெட்டும் எடுத்துவிட்டு, ஆண்டுக் கூட்டத்தில் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். சங்கத் தலைவரான பல் டாக்டர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

"கூட்டம் முடியற வரைக்கும் நீங்க ஒரு குறையும் சொல்லாம இருந்தா, நாங்களே மாத்தி மாத்திப் பார்த்துக்கறோம் டீச்சர்."

டீச்சர் ஒரு மிட்டாயை வாயில் போட்டு அடக்கிக்கொண்டார். பல் டாக்டரே பார்த்தும் தடுக்கவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டது; டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலிகள் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தன, மிட்டாயைக் கடித்தார். நன்றியுரை சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுந்தார். எழுந்தவர், ஒழுகுகிற டீ பிளாஸ்க்கைக் கொண்டுபோய் மைக்கின் பிளக் போர்டு மேல் வைத்தார்.

"ஐயோ, அந்த ஒயர்!"

சபை எழுந்து நின்று கை தட்டியது. கரண்ட் பொறுப்பும் டீச்சருக்கே என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. டாக்டர் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து தந்தார். மணி அடித்த பிறகும் விடைத்தாளை விடாமல் பிடித்திருக்கும் பிள்ளையின் முகம் டீச்சருக்கு.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்டி" என்று அன்றைக்குப் போனில் சொன்னபோது, ஸ்பீக்கரை அணைத்திருந்தார். சுவர் மெல்லியது என்பதால் எங்களுக்குக் கேட்டுவிட்டது.

பிறகு ஒருநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வெகுநேரம் காத்திருந்தோம். குறை சொல்லக் கூடாதல்லவா? கடைசியில் டீச்சர் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்தபோதுதான் அவர் உயிரோடு இல்லை என்பது தெரிந்தது.

இரங்கல் கூட்டம் சிறப்பாகவே நடந்தது. டீச்சரின் படத்தைச் சுவரில் மாட்டியவர் கோணலாக மாட்டிவிட்டார். எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு, படத்துக்குத் தோதாக எங்கள் தலைகளைச் சாய்த்துக்கொண்டோம். மொத்த அறையும் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது, தூரத்திலிருந்து பார்க்கத் துக்கம் போலவே இருந்திருக்கும்.

முன்வரிசையில் தங்கை. மடியில் பயணப் பை. அக்காவின் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அன்றே ஊர் திரும்புவதாகச் சொல்லியிருந்தாள். டாக்டர் தியாகத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"என்னங்க இது, எங்க அக்கா படம் கோணலா தொங்குது! இங்க ஒருத்தருக்கும் கண்ணு இல்லையா?"

சபை முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவிக்கொத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"எதுக்கு எல்லாரும் கை தட்டறாங்க?" என்று தங்கை பக்கத்திலிருந்த மருந்துக்கடைக்காரரைக் கேட்டாள்.

"உங்களை எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா" என்றபடி அவர் அவளுடைய பையை வாங்கிக் கீழே வைத்தார்.