ஆவணியில் பாடாத குருவி

இன்று விடிவதற்குள் குவார்ட்டர்ஸ் மதிலில் ஒரு குண்டுகரிச்சான் சீட்டியடிக்க ஆரம்பித்துவிட்டது. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, இறக்கையில் வெள்ளைப் பட்டை, தூக்கிய வால். ஜன்னலைத் திறக்காமலே எனக்கு அது தெரியும்.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு இதுதான் அலாரம். பக்கத்து வீட்டுக்காரர் ஷிப்ட் முடித்து நடுராத்திரியில்தான் வந்து படுப்பார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் தூக்கம் கெடுகிறதே என்று அம்மா அலாரம் கடிகாரத்தை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். மாசி பிறந்ததிலிருந்து குருவி தவறாமல் கூப்பிட்டது.

"கரிச்சான் கத்திடுச்சுங்க, எந்திரிங்க" என்று அம்மா அப்பாவை நிலக்கரிச் சுரங்கத்தின் முதல் ஷிப்டுக்கு எழுப்புவாள்.

குஞ்சு பொரித்து முடித்ததும் அது பாட்டை நிறுத்திவிடும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆவணியில் ஒரு நாள் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் விழித்தோம். மைன்ஸ் பஸ் போய்விட்டிருந்தது. அப்பா சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். கரிச்சான் எங்கேயும் போய்விடவில்லை. அதே மதிலடியில் வாலை ஆட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது.

மைன்ஸ் ரோட்டில் லாரி அடித்து அப்பா அங்கேயே இறந்துபோனார். அவர் சாப்பாட்டு கேரியர் அடுப்படியிலேயே இருந்தது.

இப்போது எனக்கும் முதல் ஷிப்ட். சட்டையை மாட்டும்போது குருவி மறுபடி பாடியது. உள்ளறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"அது கெடக்குது. நாளைக்கு அலாரம் வெச்சியாடா?"